ஆறாவது விரலுக்கு அத்தாட்சி

கொண்டையில் ஒரு பென்சில் இருந்தால் வீட்டில் இருக்கிறாள், இரண்டு இருந்தால் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். தெருவில் எல்லோருக்கும் அவள் பென்சில் அக்காதான். தபால்காரர் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று பக்கத்து வீட்டிலேயே கைவிரித்துவிடுவார்கள். குடிநீர் வாரிய அலுவலகத்தில் குழாய் வரைபடம் வரைகிற வேலை. மண்ணுக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த வால்வு எந்தச் சந்தில் புதைந்து கிடக்கிறது என்று வரைந்து வைப்பாள். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த மகானுபாவர், கோடுகளுக்கு நடுவே பார்க்க நன்றாக இல்லை என்று ஒரு வால்வைப் படத்தில் விட்டுவிட்டார். பல வருடம் கழித்து அங்கே தோண்டினார்கள். பக்கத்திலிருந்த பல் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் முழங்கால் தண்ணீரில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்களாம். இருப்பதை விடாதே, இல்லாததைச் சேர்க்காதே என்பது அன்றிலிருந்து அந்த அலுவலகத்துக்கே வேதம். பென்சில் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள்.

புருஷன் டார்னிங்காரர். எலி கடித்த கோட்டு, ஆணியில் மாட்டிக் கிழிந்த பட்டு, நெருப்பு பட்ட கால்சட்டை எல்லாம் அவர் கடைக்கு வரும். அந்தத் துணியிலிருந்தே நூலை உருவி, ஊசியில் கோத்து, மேலும் கீழுமாக ஓட்டி, கிழிசல் இருந்த இடமே தெரியாமல் பண்ணிவிடுவார். இருந்த ஒன்றை இல்லாததுபோல் காட்டுவதுதான் தொழில். அவருடைய இடது கையில், சுண்டு விரலுக்கு அந்தப் பக்கம், இன்னொரு விரல் உண்டு. சின்ன விரல்தான், ஆனால் நகம், மூட்டு எல்லாம் வைத்த முழு விரல். அதையும் அவர் நாற்பது வயதுவரை இல்லாததுபோலவே காட்டிவந்தார். தெருவில் இறங்கினால் இடது கை பாக்கெட்டுக்குள் போய்விடும். முதன்முதலில் பென்சிலைப் பார்க்க வந்த அன்று கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, "கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு" என்று பொய் சொன்னார். அவள் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிப் புதைத்த இடத்தில்தானே வால்வு இருக்கும்.

அந்த விரல் சும்மா ஒட்டிக்கொண்டு கிடக்கவில்லை. டார்னிங்கில் நூல் நுனியில் முடிச்சுப் போடக்கூடாது. போட்டால் துணியில் புடைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். முடிச்சில்லாத நூலை இழுத்தாலோ முழுசும் கையோடு வந்துவிடும். மற்றவர்கள் நுனியைக் கட்டை விரலால் அமுக்கிக்கொள்வார்கள். அந்தப் பக்கம் துணி தொய்ந்துபோகும். டார்னிங்காரர் ஐந்து விரலாலும் துணியை மரக் குமிழின்மேல் விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, நூல் நுனியை ஆறாவதில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வார். கடவுள் ஒரு கையாளையே கையோடு கொடுத்து அனுப்பியிருந்தார். இவர் அவனைப் பாக்கெட்டில் ஒளித்துவைத்திருந்தார்!

பென்சில் அந்தக் கையைத்தான் வரைந்தாள். அலுவலகம் முடிந்து நேரே கடைக்கு வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு, ஒவ்வொரு தையலையும் படிப்படியாக. ஒன்பது வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு படம். அதை இணையத்தில் ஒரு பக்கம் திறந்து போட்டவள் நாத்தனார், அதாவது டார்னிங்காரரின் தங்கை, மாடி வீட்டுக்காரி. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பென்சில் வரைந்தது அலுவலகத்தில் கழித்துப்போட்ட ஒரு பிளாஸ்டிக் வரைபடத் தகட்டில். எத்தனை முறை அழித்தாலும் கண்ணாடிபோல் ஆகிவிடும் தகடு. படம் வரைவாள், நாத்தனார் ஃபோட்டோ எடுப்பாள், இவள் ரப்பரால் துடைத்துவிட்டு அடுத்த படத்தை அதிலேயே ஆரம்பிப்பாள். நானூற்றுப் பன்னிரண்டு படமும் ஒரே தகட்டில்! காட்டுவதற்கு அசல் என்று ஒன்றுகூட மிச்சமில்லை. அடியில் பெயரும் போடவில்லை. "குழாய் படத்துக்கு யாராவது பேரு போடுவாங்களா?" என்பாள். சிக்கனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

எங்கெங்கோ இருப்பவர்கள் அந்தப் படங்களைப் பார்த்துத் தைக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒருவர்கூட விரலை எண்ணவில்லை; ஊசி போகிற வழியைப் பார்ப்பவர்களுக்கு விரல் எண்ண ஏது நேரம். ஒருநாள் முகம் தெரியாத யாரோ, 'எத்தனை லாகவமான கை' என்று எழுதியதை நாத்தனார் படித்துக் காட்டினாள். அதற்குப் பிறகு, கடைக்குள் இருக்கும்வரை டார்னிங்காரருடைய இடது கை மேஜைமேல் இருந்தது. வெளியே போனால்தான் பாக்கெட். பென்சில் இதைக் கவனித்தாள்.

இப்படி இருக்கையில் ஒருநாள் நூல் வாங்கப் போன கடையில், 'வீட்டிலேயே டார்னிங்: அறுபது பயிற்சி அட்டைகள்' என்று ஒரு பெட்டி. திறந்து பார்த்தால் அவள் வரைந்த அதே கடை மேஜை. மேஜையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட முக்கோண வடு. சட்டைக் கையில் பொத்தான் விழுந்த இடம். பிறகுதான் அந்தக் கையைப் பார்த்தாள். எண்ணினாள். மறுபடி எண்ணினாள். ஐந்து. மூலையில் கம்பெனி முத்திரை, 'எல்லா உரிமைகளும் எங்களுக்கே' என்ற வாசகம். பொருள் திருட்டுப்போனால் மனிதர்களுக்குக் கோபம் வரும். அவளுக்குக் கோபம் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில், "ஐயோ, விரலை என்ன பண்ணாங்க?" என்று கடையிலேயே கத்திவிட்டாள்.

நாத்தனார் அன்றே, படங்களைப் போட்டிருந்த இணையத் தளத்துக்குப் புகார் எழுதிப்போட்டாள். கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. அந்தப் படங்கள் தங்கள் ஓவியர் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே வரைந்தவை என்று தங்களுக்குத் தாங்களே ஒரு சான்றிதழ் அச்சடித்து அனுப்பியிருந்தது. மூன்றாம் நாள் தளத்திலிருந்து பதில் வந்தது.

'தங்கள் படங்களில் உள்ள கையில் ஆறு விரல்கள் காணப்படுகின்றன. விரல் எண்ணிக்கையில் தவறு செய்வது படம் வரையும் இயந்திரங்களின் இயல்பு. எனவே இவற்றை வரைந்தவர் மனிதர் அல்லர் என எங்கள் பரிசோதனை இயந்திரம் தீர்மானித்துள்ளது. இயந்திரம் வரைந்த படத்துக்கு உரிமையாளர் கிடையாது. எதிர்த்தரப்பின் படங்களில் விரல்கள் சரியாக உள்ளதால் அவை மனிதர் வரைந்தவை. பத்து நாட்களுக்குள் தக்க அத்தாட்சி அளிக்காவிட்டால் தங்கள் பக்கம் நிரந்தரமாக நீக்கப்படும்.'

பென்சில் இரண்டு முறை படித்தாள். ஒன்பது வருடம் இடுப்பு ஒடிய முக்காலியில் உட்கார்ந்தவள் மனுஷி இல்லையாம். திருடன் மனுஷனாம். உதவி எண்ணைக் கூப்பிட்டாள். எடுத்தவன் குரல் வெண்ணெய்போல் இருந்தது.

"மேடம், மனுஷக் கைக்கு அஞ்சு விரல்தானே மேடம்?"

"எங்க வீட்டுக்காரருக்கு ஆறு."

"அது உங்க குடும்ப விஷயம் மேடம். அதுல நாங்க தலையிட மாட்டோம்."

"நான் ஒன்பது வருஷம் முன்னாடியே போட்டிருக்கேன். தேதி உங்ககிட்டயே இருக்குமே, பாருங்க!"

"தேதி பாக்கறது தேதிப் பிரிவு மேடம். நாங்க விரல் பிரிவு. விரல் சரியானாத்தான் ஃபைல் அங்க போகும்."

"சரி, விரலுக்கு என்ன அத்தாட்சி வேணும்?"

"சான்றளிக்கப்பட்ட நகல் மேடம்."

சான்றளிக்கப்பட்ட நகல் என்றால் ஜெராக்ஸ். ஜெராக்ஸ் என்றால் ஜெராக்ஸ் கடை. கடையில் ஆள் ஒழியும்வரை டார்னிங்காரர் எதிர் நடைபாதையில் நின்றுவிட்டு, பிறகு போய்க் கண்ணாடியின்மேல் கையை வைத்தார். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. கடைக்காரர் பழக்க தோஷத்தில், "ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல போடட்டுமா?" என்று கேட்டார். அங்கிருந்து நோட்டரி வக்கீலின் அறை. வாசலில் எப்போதும் ஒரு பெஞ்சு நிறைய ஜனம். வக்கீல் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அசல் கொண்டுவந்தீங்களா?"

டார்னிங்காரர் பெஞ்சுக்கு முதுகைக் காட்டி, வயிற்றோடு ஒட்டினாற்போல் கையை நீட்டினார். வக்கீல் ஒவ்வொரு விரலாக நகலோடு ஒப்பிட்டார். நகத்தைப் பார்த்தார், மூட்டைப் பார்த்தார். 'அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்தினார். பிறகு பதிவேட்டைத் திருப்பி வைத்து, "அசலைத் திரும்ப வாங்கிக்கிட்டேன்னு இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். போட்டுவிட்டு வந்தார்கள்.

மறுநாளே பதில். 'தாங்கள் அனுப்பிய நகல் ஜெராக்ஸ் இயந்திரத்தால் எடுக்கப்பட்டது. ஆகவே இதுவும் இயந்திரத்தின் படமே என்பது உறுதியாகிறது.' அதற்குக் கீழே பச்சை நிறத்தில் ஒரு பொத்தான்: 'விரல்களைச் சரிசெய்க.' ஒரே அழுத்து. நானூற்றுப் பன்னிரண்டு படத்திலும் ஆறாவது விரல் போய்விடும், பக்கம் பிழைத்துவிடும்.

"அண்ணி, ஐடியா மோசமில்லையே," என்றாள் நாத்தனார். "பக்கமாவது நம்மகிட்ட இருக்கும். இன்னும் நாலு நாள்தான்."

டார்னிங்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அழுத்திடும்மா. இத்தனை வருஷமா நான் பாக்கெட்ல வெச்சுக்கலையா? படத்துலயும் பாக்கெட்ல வெச்ச மாதிரி நினைச்சுக்கறேன்."

பென்சிலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகை வந்தால் அவளுக்குத் திட்டத்தான் வரும். "உங்களுக்குக் கொஞ்சமாவது ரோஷம் இருக்கா? அவன் திருடும்போது ஒரு தடவை விரலை வெட்டினான். நான் என் கையாலயே இன்னொரு தடவை வெட்டணுமா? இருக்கறதை விட்டுட்டு வரைஞ்சா என்ன ஆகும்னு எங்க ஆபீஸ்ல கேளுங்க. தெருவே தண்ணில மிதக்கும்!"

"விரலுக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் அவர் பாவமாக. அவளுக்கே தெரியவில்லை. ஆனால் அந்தப் பொத்தானை அழுத்தினால் இந்த மனுஷனின் கை மேஜையிலிருந்து இறங்கிப்போய்விடும், பிறகு ஜென்மத்துக்கும் ஏறாது என்பது மட்டும் அவளுக்குச் சத்தியமாகத் தெரிந்தது. பக்கம் போனால் போகட்டும். அந்தக் கை போனால் யாரிடம் புகார் கொடுப்பது? எழுந்து போய்ப் பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்து வைத்தவற்றையே மறுபடி தேய்த்தாள்.

மறுநாள் சாயங்காலம் கடைக்கு ஒரு நர்ஸம்மா வந்தார். கையில் அதே அட்டைப் பெட்டி.

"நீங்க டார்னிங் பண்றவங்கதானே? இதைக் கொஞ்சம் பாருங்க. மூணு வாரமாப் பழகறேன், பதினேழாவது அட்டையிலேயே நிக்கறேன். நூலை இழுத்தா முழுசும் கையோட வந்துடுது. அவங்க காட்டின மாதிரியேதான் பிடிக்கறேன். என் கைலதான் கோளாறு போல!"

பென்சில் அட்டையை வாங்கிப் பார்த்தாள். ஐந்து விரலும் துணியைப் பிடித்திருந்தன. ஊசி சரி. நூல் துணியிலிருந்து வெளியே வந்து, கையைத் தாண்டி, சுண்டு விரலுக்கு அந்தப் பக்கம் வெறுங்காற்றில் அழகாக இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. புத்திசாலித் திருடன் விரலை அழித்தான். நூலை அழிக்க மறந்துவிட்டான். அவனுக்கு அது என்ன நூல் என்றே தெரிந்திருக்காது. மீதி அட்டைகளையும் சீட்டுக்கட்டுபோல் பிரித்துப் போட்டுப் பார்த்தாள். அறுபதில் நாற்பத்தொரு அட்டையில் நூல் ஒன்றுமில்லாததைச் சுற்றிக்கொண்டு நின்றது.

"உங்க கைல கோளாறு இல்லம்மா," என்றாள். "ஒரு விரல் குறையுது, அவ்வளவுதான்."

நர்ஸம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

நாத்தனார் அன்றே, அந்த நாற்பத்தொரு அட்டையின் எண்களையும் சொல்லி, நேர்விசாரணை கேட்டு எழுதிப்போட்டாள். ஒன்பதாம் நாள் மத்தியானம் கிடைத்தது. நேர் என்றால் நேர் இல்லை, கம்ப்யூட்டர் திரையில். திரையின் ஒரு கட்டத்தில் தளத்தின் நடுவரம்மா, இன்னொன்றில் டை கட்டிய கம்பெனிக்காரர், மூன்றாவதில் டார்னிங் கடை. பென்சிலின் கொண்டையில் மூன்று பென்சில்.

"பதினேழாம் அட்டையில நூல் எதைச் சுத்தியிருக்கு சார்?" என்று நடுவரம்மா கேட்டார்.

கம்பெனிக்காரர் அட்டையை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார். "அது எங்க ஓவியரோட கற்பனை வளம் மேடம்."

"நாற்பத்தொரு தடவையா?"

"வளமான கற்பனை மேடம்."

"சரி. அம்மா, உங்க வீட்டுக்காரர் கையைக் காட்டச் சொல்லுங்க."

டார்னிங்காரர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு முன்னால், பெரிதாக்கிக் காட்டுகிற ஒரு திரையில், அதை நீட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கையை எடுத்துக் கேமராவுக்கு முன்னால் வைத்தார்.

திரையில் ஐந்து விரல்தான் இருந்தது.

நாத்தனார் வாயைப் பிளந்தாள். பேசுகிறவர்களை அழகாகக் காட்டி, பின்னால் இருக்கும் கண்டதையும் மறைத்துவிடும் வசதியாம். அந்த மகா புத்திசாலி மென்பொருள், ஆறாவது விரலை வேண்டாத சாமான் என்று நினைத்து, சுவரோடு சுவராகக் கரைத்துவிட்டது. அவள் கண்டதையெல்லாம் அழுத்திப் பார்த்தாள். விளக்கு மங்கியது, அண்ணன் தலையில் தொப்பி வந்தது, விரல் வரவில்லை.

"அஞ்சுதானே இருக்கு!" என்று கம்பெனிக்காரர் துள்ளினார். "மேடம், இவங்க பித்தலாட்டம் பண்றாங்க!"

டார்னிங்காரர் கையை மெல்ல இழுத்துக்கொள்ளப் பார்த்தார். பென்சில் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "எடுக்காதீங்க. துணியைப் பிடிங்க. எப்பவும் பண்ற மாதிரி நூலைச் சுத்துங்க."

அவர் மரக் குமிழை எடுத்தார். துணியை விரித்து ஐந்து விரலால் இறுக்கினார். ஊசியை ஓட்டி, நூல் நுனியை இழுத்து, இரண்டு சுற்று. கடைக்குள் அது ஆறாவது விரலைச் சுற்றியது. திரையிலோ, நூல் கையைத் தாண்டிப் போய், சுண்டு விரலுக்கு அந்தப் பக்கம், வெறுங்காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. மேஜையில் முக்கோண வடு. சட்டைக் கையில் பொத்தான் விழுந்த இடம். ஒன்பது வருடமாக அந்தப் பொத்தானை யார் தைத்தார்கள், ஊருக்கெல்லாம் தைக்கிற வீடு அது.

நடுவரம்மா பதினேழாம் அட்டையைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அம்மா," என்றார், "உங்க வீட்டுக்காரர் விரல் எனக்குத் தெரியலை. ஆனா அது இல்லாத இடம் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கு."

கம்பெனிக்காரரின் கட்டம் பொசுக்கென்று இருட்டானது. இணைப்பு போய்விட்டதாம்.

விசாரணை முடிந்த நான்காம் நாள் உத்தரவு வந்தது. படங்கள் அவளுடையவை, பக்கம் இருக்கும், கம்பெனி பெட்டிகளைத் திரும்பப் பெற வேண்டும். நாத்தனார் மாடிப்படியில் குதித்தே இறங்கினாள். ஆனால் கடைசிப் பத்தி என்று ஒன்று இருக்குமே, அதுவும் இருந்தது. 'படங்கள் தங்களுடையவை எனினும் படங்களில் உள்ள கை தங்களுடையதன்று எனத் தெரியவருகிறது. கைக்கு உரியவர், தம் இடது கையின் விரல் ரேகைகள் அனைத்தையும் இணைப்புப் படிவத்தில் நோட்டரி முன்னிலையில் பதித்துச் சம்மதம் அளிக்கவும்.'

மறுபடி நோட்டரி வக்கீல். பெஞ்சில் அன்றைக்கு ஒன்பது பேர். வக்கீல் மைப் பெட்டியைத் திறந்து வைத்தார். டார்னிங்காரர் கட்டை விரலிலிருந்து வரிசையாக அழுத்திக்கொண்டே வந்தார். சுண்டு விரலோடு கட்டங்கள் முடிந்துவிட்டன. படிவத்தில் ஐந்து கட்டம்தான்.

"முடிஞ்சுது சார். சீல் வெச்சுடறேன்," என்று வக்கீல் தாளை இழுத்தார்.

தனக்காக அந்தக் கை பட்ட பாடு போதும், பெஞ்சு நிறைய ஆள் இருக்கிறது, விட்டுவிடுவோம் என்றுதான் பென்சில் நினைத்தாள்.

"இருங்க சார்," என்றார் டார்னிங்காரர். இவ்வளவு சத்தமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. "அனைத்தும்னு போட்டிருக்கு." பெஞ்சில் இருந்த ஒன்பது பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் திரும்பிக்கொள்ளவில்லை. "ஏம்மா, இங்க ஒரு கட்டம் போட்டுக் குடு."

அவள் கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். ஸ்கேல் வைக்காமல், மற்ற ஐந்தின் அளவிலேயே, ஐந்தாவதுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்தாள். கண் கலங்கியிருந்தும் கோடு நேராகத்தான் வந்தது. அவர் ஆறாவது விரலை மையில் தோய்த்து அதற்குள் அழுத்தினார். யாரோ பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்து, "அட, ஆறு!" என்றார். "ஆமா, ஆறு," என்றார் டார்னிங்காரர்.

வக்கீல் முத்திரையை எடுப்பதற்குள் பென்சில் அந்தக் கட்டத்துக்கு அடியில் சின்னதாக என்னவோ எழுதினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். தெருவில் யாருக்கும் தெரியாத அவளுடைய சொந்தப் பெயர்.

"இது எதுக்கும்மா இங்க?"

"கட்டம் நான் வரைஞ்சது சார்," என்றாள்.